வரப்பில் கழற்றி வைத்த ஷூ

வரப்பின் முனையில் அந்த ஷூக்கள் ஜோடியாக நின்றிருந்தன. கறுப்பு நிறம், தடித்த ரப்பர் அடி, வாங்கி இருபது நாள்கூட ஆகாத பளபளப்பு. இரண்டும் மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்திருந்தன. இடது ஷூவுக்குள் சாம்பல் நிறக் காலுறைகள் உருண்டையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. காலை எட்டேகால் மணி; தென்கிழக்குக் காற்று அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது; ஏழாம் பாத்தி நீரின் அடர்த்தி இருபத்திரண்டு டிகிரி. இவ்வளவும் என் நோட்டில் இருக்கின்றன. நோட்டில் இல்லாதது, அந்த ஷூக்களைப் பார்த்ததும் எனக்குள் எழுந்த சிறு திருப்தி. பிள்ளைக்கு ஒழுங்கு தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழலைத் துடைத்து உறையில் போட்டேன்.

எங்கள் உப்பளத்தில் செருப்புக் காலோடு யாரும் பாத்திப் பக்கம் போவதில்லை. செருப்பில் ஒட்டி வரும் செம்மண் கொஞ்சம் பட்டாலும் அந்த இடத்து உப்பு பழுப்பேறிவிடும். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். அதனால் சாலையிலிருந்து இறங்கி முதல் வரப்பில் ஏறும் இடத்தில் எல்லோருடைய செருப்பும் வரிசையாகக் கிடக்கும். முதலாளி வந்தாலும் கழற்றுவார். கழற்றாமல் ஏறுகிறவரை அதட்டுவது மேஸ்திரியின் வேலை. அந்த மேஸ்திரி நான்தான். என் குரல் மூன்று பாத்தி தாண்டிக் கேட்கும் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

நான் கல்லூரிக்குப் போனவனல்ல. ஆனால் கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன்: கல்வெட்டுத் தொகுப்பு, கப்பல் பயணக் குறிப்பு, பழைய கெசட்டியர், பொட்டலம் கட்டி வந்த தாள். இளமையில் தபால் வழியாக இந்திப் பரீட்சை மூன்று எழுதித் தேறியிருக்கிறேன். காற்றின் திசை, மழையின் அளவு, எந்தப் பாத்தியில் என்றைக்கு உப்பு கட்டத் தொடங்கியது என்பதையெல்லாம் நாள் தவறாமல் தேதி போட்டு எழுதி வருகிறேன். பதினொரு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் தேதி இல்லை. இங்கேயும் அதை எழுதப் போவதில்லை. பங்குனி மாதம், வியாழக்கிழமை, அது போதும்.

ஷூக்கள் என் தங்கை மகளுடையவை. தகப்பன் இல்லாத பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் திண்டிவனத்துப் பக்கம் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் வகுப்புக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில் அவள் அம்மாவுக்கு, அதாவது என் தங்கைக்கு, பாதத்து வெடிப்பில் சீழ் பிடித்து நடக்க முடியாமல் போயிற்று. அம்மாவுக்குப் பதிலாக மகள் பாத்தியில் இறங்கினாள். புண் ஆறியபோது வகுப்பில் இடம் போயிருந்தது. அதற்காக அவள் அழுததாக நான் பார்க்கவில்லை. ஆனால் விடியலில் வந்து, இடுப்பு வளைத்து உப்பை வாரி, பதினொரு மணிக்கு வெயிலேறிக் கரை சேர்ந்ததும், மற்றவர்கள் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது அவள் போனைத் திறப்பாள்.

எங்கள் பக்கத்தில் சிக்னல் சரியாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் போய் ஒரு வாரத்துக்கு வேண்டிய வீடியோக்களைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். அதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தாள். முதலில் மிக்ஸி, பிறகு மின்விசிறி, கடைசியில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது. தமிழிலும் வீடியோக்கள் இருந்தன. ஆனால் அவளுக்குப் பிடித்துப்போனது வடக்கே ஏதோ ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு நடுவயதுக்காரர். முகம் பாதி நேரம் தெரியாது, மேஜையும் கைகளும்தான். வலது கட்டைவிரல் நகம் அடிபட்டுக் கறுத்திருக்கும். “தமிழ்ல இருக்கறவங்க பேசறாங்க மாமா. இவரு செய்யறாரு” என்பாள். அவர் பேசாதவரும் அல்ல. இடைவிடாமல் இந்தியில் பேசிக்கொண்டேயிருப்பார். இவளுக்குப் புரியாததால் அவருடைய பேச்சு கணக்கில் வரவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்து அந்த விரல்களையே பார்ப்பாள். அவரை “நம்ம மாஸ்டர்” என்பாள், ஊரில் இருக்கும் ஒருவரைச் சொல்வது போல.

ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் உப்பளம் ஏரியாகிவிடும்; தை வரை வேலை கிடையாது. அந்த மாதங்கள்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். என் வீட்டு மிக்ஸி முதல் பலி. நான் தங்கை வீட்டுக்குப் போனபோது அது கட்டிலின்மேல் நாற்பது துண்டாகக் கிடந்தது.

“மாமன் வூட்டு மிக்ஸியைக் கொன்னுட்டியாடி?” என்று தங்கை கத்தினாள்.

“கொல்லலம்மா. ஆபரேஷன் நடக்குது. பேஷண்ட்டோட சொந்தக்காரங்க வெளியில இருங்க.”

அந்த மிக்ஸி பிழைக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மின்விசிறி பிழைத்தது. கார்த்திகைக்குள் எங்கள் தெருவில் ஓடாமல் கிடந்த ஐந்து விசிறிகளை ஓடவைத்திருந்தாள். எத்தனை சுற்று, எத்தனை அளவுக் கம்பி, மோட்டார் இரும்பின் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று நான் கொடுத்த பழைய நோட்டில் படம் போட்டு எழுதுவாள். அந்த எழுத்து என் எழுத்தைவிடச் சுத்தம். செம்புக் கம்பி வாங்கத் திண்டிவனத்துக்கு நானும் ஒருமுறை கூடப் போயிருக்கிறேன். கடைக்காரர் அவள் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, “அண்ணனுக்கா சார், தம்பிக்கா?” என்றார். அவள் தராசைக் காட்டி, “எனக்குத்தாங்க. முள்ளு நடுவுல நிக்கல பாருங்க” என்றாள். பெருமுக்கல் வரும்வரை பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

அதே கார்த்திகையில் ஒரு பிற்பகல். மழை விட்டிருந்தது. நான் வாசலில் தகரக் குவளையில் சேர்ந்த நீரை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாஸ்டரின் நீண்ட வீடியோ ஒன்று, மோட்டாருக்குக் காயில் கட்டுவது பற்றியது. அதன் கடைசியில் மோட்டாரை ஓட விடுவார். ஓடும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தட்டிக் கொடுப்பது போல இரண்டு முறை தட்டுவார். சிரித்தபடியே ஏதோ சொல்வார்.

“இந்த எடத்துல என்ன மாமா சொல்றாரு? ரெண்டு வாட்டி அதையே சொல்றாரு. நீங்க இந்தி படிச்சவராச்சே.”

கேட்டேன். எனக்குப் புரியவில்லை. பாதி வேகத்தில் ஓடிய பேச்சு குடிகாரன் குழறுவது போலிருந்தது. “இது என்ன இழுவை, சரியா வை” என்றேன். இயல்பான வேகத்தில் வைத்தாள். அது அருவியாகக் கொட்டிற்று. நான் படித்தது எழுத்து இந்தி. பாடப் புத்தகத்தில் விவசாயியும் அரசனும் நின்று நிதானமாகப் பேசிய இந்தி. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தெருவில் நான் படித்தவன். தாசில்தார் அலுவலகக் கடிதத்திலிருந்து மருந்துச் சீட்டு வரை என்னிடம்தான் வரும். தெரியாது என்று யாரையும் திருப்பி அனுப்பிய பழக்கம் எனக்கு இல்லை. ஒரு கணம்தான் யோசித்தேன்.

“நல்லா ஓடுது, சூடு இல்ல, சத்தம் இல்லன்னு சொல்றான். வேற ஒண்ணும் இல்ல. அவன் வளவளன்னு பேசற ஆளு. நீ கையைப் பாரு, போதும்.”

“அப்ப சூடு பார்க்கத்தான் கை வெக்கிறாரா?”

“ஆமாம்.”

தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைய பக்கத்தில் மழையின் அளவை மில்லிமீட்டர் தவறாமல் எழுதியிருக்கிறேன். அவள் வந்து கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை.

தை பிறந்து பருவம் தொடங்கியது. மாசியில் நான்காம் எண் மோட்டார் புகைந்து நின்றது. ஆழ்குழாயிலிருந்து உப்புநீரை இழுத்துத் தேக்கத்தில் விடும் மோட்டார் அது. நின்றால் அதன் கீழுள்ள பாத்திகள் காயும், அங்கே வாருகிறவர்களுக்கு வேலை இருக்காது. “பாண்டிக்கு அனுப்பினா நாலு நாள் ஆவும் மேஸ்திரி” என்று முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, என் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எனக்கு ரெண்டு நாள் குடுங்க.”

முதலாளி திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, இது மிக்ஸி இல்ல.”

“தெரியுங்க. மிக்ஸின்னா ஒரு நாள் கேட்டிருப்பேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டாரை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். எரிந்த காயிலை வெட்டியெடுத்து, சுற்றுகளை எண்ணி, புதிதாகச் சுற்றி, பள்ளங்களில் தாள் செருகி, மூங்கில் ஆப்பு இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்தாள். இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு, மறுபடி கொட்டகையில் பூட்டிய மோட்டார் ஓடியது. அவள் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை தட்டினாள். கொட்டகையைச் சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி அன்றைக்கு அறாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது அவளுடைய அதிர்ஷ்டமாக இருக்க வேண்டும்.

முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “இந்த சீசன் முடியற வரைக்கும் இது நிக்காம ஓடட்டும். அடுத்த தையிலேர்ந்து பன்னெண்டு மோட்டாரும் உன் பொறுப்பு. நீ பாத்தியில எறங்க வேணாம்.”

பாத்தியில் இறங்க வேண்டாம். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது எங்கள் பெண்களின் பாதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தங்கை அன்று மாலை என்னிடம், “எங்காலு மாதிரி அவளுக்கு ஆவாதுல்லண்ணா?” என்று மூன்று முறை கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மோட்டாரம்மா என்று பெயர்.

“ஏண்டி மோட்டாரம்மா, என் வூட்டுக்காரனையும் கொஞ்சம் பாரேன். ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்கறான்” என்பாள் பாத்தியிலிருந்து ஒருத்தி.

“அதுக்கு காயில் எரிஞ்சி ரொம்ப நாளாச்சுக்கா. எடைக்குப் போட்டுடு.”

பாத்தி முழுக்கச் சிரிப்பு. நான் காது கேட்காதவன் போல டிகிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஷூக்களை அப்போதுதான் வாங்கினாள். ஒரே ஒரு வீடியோவில் மாஸ்டர் மேஜையை விட்டு எழுந்து நடக்கிறார். அதில் அவர் காலில் தடித்த ரப்பர் ஷூ. “மெக்கானிக்குன்னா ஷூ போடணும் போல மாமா. செருப்போட போனா எவன் மதிப்பான்?” என்றாள். வீட்டிலிருந்து உப்பளம் வரை டக்டக்கென்று நடந்து வருவாள். முதல் வரப்பில் நின்று முடிச்சவிழ்த்துக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஈர வரப்புகளைத் தாண்டிக் கொட்டகைக்குப் போவாள். நான்காம் எண் கொட்டகைக்குப் போகப் பாத்திகளின் ஓரத்தைத் தவிர வேறு வழியில்லை. ஒருமுறை அவசரத்தில் ஷூவோடு ஏறிவிட்டாள். நான் அதட்டினேன். “மோட்டாரம்மாவா இருந்தாலும் கழட்டிட்டுத்தான் ஏறணும்.” நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் தவறவில்லை.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, வீடு திரும்பும்போது கூடவே நடந்து வந்தாள். வழக்கமான கேலி இல்லை.

“நாலாம் நம்பர் லேசா முனகுது மாமா. சூடும் ஏறுது. முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. நானே பார்த்துக்கறேன்.”

“பாண்டியிலேர்ந்து யாரையாவது கூப்பிடலாமா?”

“கூப்பிட்டா அப்புறம் அவங்கதான் மெக்கானிக். நான் ஆரு?”

நான் முதலாளியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு ஷூக்களைப் பார்த்தேன். எட்டரை இருக்கும், பெண்கள் கத்தும் சத்தம் கேட்டது. நான் ஓடியபோது வாய்க்காலில் நீர் வந்துகொண்டிருந்தது. அவள் மோட்டாரை ஒட்டிக் கிடந்தாள். வலது உள்ளங்கை அதன் முதுகில் இருந்தது. பாதங்கள் ஈரமாக இருந்தன. கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. கம்பத்திலிருந்த மெயினைக் கட்டையால் தட்டி இறக்கினேன். அதுவரை, அவள் கட்டிய மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் என் மடியில் அவள் தலை இருந்தது. மருத்துவமனையில் சொன்னதை எழுத வேண்டியதில்லை. எனக்குக் கொட்டகையிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு வந்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்த மின்வாரியக்காரர், தொழில் தெரிந்த பெரியவர், காயிலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்டு சுத்தமா இருக்குதுங்க. நானே இப்படிக் கட்ட மாட்டேன். கம்பி மாட்டற மேல் பெட்டியில உப்புத்தண்ணி எறங்கி மோட்டார் பாடியில கரண்ட் வந்திருக்குது. எர்த் கம்பி எங்க?” எர்த் கம்பி மண்ணுக்குள் போகும் இடத்தில் பச்சைத் தூளாக உதிர்ந்திருந்தது. உப்பு தின்றுவிட்டது. உப்பளத்தில் உள்ள எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்த நான் அந்தக் கம்பியைப் பற்றி எங்கேயும் எழுதியதில்லை. காகிதங்களில் அவளுடைய கவனக்குறைவு என்று பதிவாயிற்று. ஊரில், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, போனைப் பார்த்துக் கத்துக்கினா இப்படித்தான் என்றார்கள். போன வருஷம் அவளிடம் விசிறி கொடுத்துச் சரிசெய்து வாங்கியவர்களும் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கை அவளுடைய போனைக் கொண்டுவந்து தந்தாள். “இதுல அவ போட்டோ ஒண்ணு நல்லதா எடுத்துக் குடுண்ணா. பெருசாக்கி மாட்டணும்.” போட்டோ தேடும்போது, அவள் என்னிடம் அர்த்தம் கேட்ட மாஸ்டரின் வீடியோ இருந்தது. கடைசியாக அவள் நிறுத்திய இடத்தில், அவள் வைத்திருந்த பாதி வேகத்திலேயே, ஓடத் தொடங்கியது. அணைக்காமல் விட்டேன். முதல் முறை குழறலாகத்தான் கேட்டது. நான்காம் முறை சொற்கள் பிரிந்தன. ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன். தெரியாத இரண்டு சொற்களைப் பழைய அகராதியில் பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் கேட்ட அன்றைக்கே, அவள் வைத்திருந்த வேகத்திலேயே, இழுவை என்று சலித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

ஓடும் மோட்டாரின் முதுகில் கையை வைத்துச் சிரித்தபடி அவர் இரண்டு முறை சொல்வது இதுதான்: “நான் வைக்கிறேன் என்று நீங்கள் கை வைக்காதீர்கள். என் காலில் ரப்பர் ஷூ இருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, எர்த் கட்டியிருக்கிறது. ஈரக் காலோடு இதைத் தொட்டால் எழுந்திருக்க மாட்டீர்கள்.”

இது நடந்து ஒரு பருவம் முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர்கள் ஷூவோடு போக, கல் பரப்பித் தனி வழி போடச் சொல்லி முதலாளியிடம் நின்று போடவைத்தேன். எர்த் கம்பியை மாதம் இரண்டு முறை பார்த்து எழுதுகிறேன். மதிய நேரத்தில் இப்போதும் பிள்ளைகள் போனைத் திறந்து வைத்து ஏதேதோ கற்கிறார்கள். அர்த்தம் கேட்டு என்னிடமும் வருகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது வருகிறது.

தங்கை மறுபடியும் பாத்தியில் இறங்குகிறாள். அவள் வீட்டுக் கதவோரம் அந்த ஷூக்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, முனை இரண்டும் வாசலைப் பார்க்கும்படி வைப்பாள். நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “ஷூ போட்டுக்கினுதானே போனா, எப்படிண்ணா? ரப்பர் ஷூ போட்டா கரண்ட் புடிக்காதுன்னு சொல்றாங்களே.” நான் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். மெக்கானிக்குக்கு அந்தச் சட்டம் கிடையாது, மகள் ஷூவோடுதான் ஏறினாள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்; ஷூ வரப்பில் இருந்ததை அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. ஏன் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

தங்கைக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே இதை எழுதி முடித்ததோடு வேலை முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய், அந்த ஷூக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நிதானமாக, ஒரு வார்த்தையையும் விடாமல்.